நாய்க்குச் சுகரும் குஷிங்கும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது?

சித்திரை, வைகாசியில் மதுரையில் நாய் வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது இது: "வெயிலுக்குத்தான் இப்படித் தண்ணி குடிக்குது." பெரும்பாலும் அது சரிதான். மனிதர்களைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆனால், ஐப்பசி மழை பெய்து ஊர் குளிர்ந்த பிறகும் எட்டு, ஒன்பது வயது நாய் தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்பத் திரும்பக் காலி செய்தால், இத்தனை வருஷம் இல்லாத பழக்கமாக ராத்திரி வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போனால், அதை வெயில் கணக்கில் எழுதிவிட முடியாது.

இந்த அறிகுறிகளுக்குப் பின்னால் இருக்கக்கூடிய நோய்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று சர்க்கரை நோய். இன்னொன்று குஷிங் நோய். சில நாய்களுக்கு இரண்டுமே சேர்ந்து வருகின்றன. அப்போது ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றின் கணக்கை மாற்றிவிடும். இந்தத் தொடர்பைப் புரிந்துகொள்ளாமல் இன்சுலினை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் பெரிய ஆபத்து இருக்கிறது.

இரண்டு நோய்களும் என்ன?

நாய்களுக்கு வரும் சர்க்கரை நோயில் பெரும்பாலும் கணையம் இன்சுலின் சுரப்பதையே கிட்டத்தட்ட நிறுத்திவிடுகிறது. மனிதர்களின் முதல் வகைச் சர்க்கரை நோயைப் போன்றது இது. அதனால், வீட்டில் தாத்தா சாப்பிடும் சுகர் மாத்திரை நாய்க்கு உதவாது. வெந்தயமும் பாகற்காயும் இன்சுலினுக்கு மாற்றாகாது. ஊசிதான் வழி. இன்சுலின் என்ற மருந்தே நாய்களின் வழியாகத்தான் உலகத்துக்குக் கிடைத்தது. 1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் ஃபிரெடரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் கணையம் நீக்கப்பட்ட நாய்களிடம்தான் அதைச் சோதித்தார்கள். மறு ஆண்டு, 1922-ல், அது மனிதருக்குச் செலுத்தப்பட்டது.

குஷிங் நோய் வேறு வகை. சிறுநீரகங்களுக்கு அருகில் அட்ரீனல் என்ற இரண்டு சிறு சுரப்பிகள் உள்ளன. அவை சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உடம்புக்கு அவசியம். அது நீண்ட காலம் அளவுக்கு மேல் சுரந்தால் வருவது குஷிங். அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932-ல் மனிதர்களிடம் இதை விளக்கி எழுதியதால் இந்தப் பெயர். மனிதர்களுக்கு அரிதான இந்த நோய், வயதான நாய்களிடம் அவ்வளவு அரிதல்ல. நாய்களுக்குத் தானாக வரும் குஷிங்கில் ஏறத்தாழ 80 முதல் 85 சதவீதத்துக்குக் காரணம் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வளரும் சிறு கட்டி. மீதிக்குக் காரணம் அட்ரீனல் சுரப்பியிலேயே வரும் கட்டி. பூடில், டாக்ஸ்ஹண்ட், பீகிள் போன்ற இனங்களில் இது அதிகம் பார்க்கப்படுகிறது. ஆனால், எந்த இனமும், கலப்பின நாயும் விலக்கல்ல.

ஒன்றை ஒன்று எப்படிக் கெடுக்கிறது?

இன்சுலின் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் செல்களுக்குள் அனுப்பி, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது. கார்ட்டிசால் அதற்கு நேர் எதிர். கல்லீரலைப் புதிதாகச் சர்க்கரை தயாரிக்க வைக்கிறது. இன்சுலினின் பேச்சைச் செல்கள் கேட்கவிடாமலும் செய்கிறது. குஷிங் உள்ள நாயின் கணையம் இந்த எதிர்ப்பைச் சமாளிக்க மாதக்கணக்கில் கூடுதலாக உழைக்கிறது. சில நாய்களில் அது களைத்துவிடும்போது சர்க்கரை நோய் வெளியே தெரிகிறது.

நடைமுறையில் நடப்பது இதுதான். நாய்க்குச் சுகர் என்று கண்டுபிடித்து ஊசி தொடங்குகிறார்கள். கிலோவுக்கு 0.25 முதல் 0.5 யூனிட் வரை, நாளுக்கு இரண்டு வேளை என்பது வழக்கமான தொடக்க அளவு. 10 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கு இரண்டரை முதல் ஐந்து யூனிட். சர்க்கரை இறங்கவில்லை. அளவு கூடுகிறது. எட்டு, பத்து, பன்னிரண்டு என்று போகிறது. அப்போதும் தாகம் தீரவில்லை. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 யூனிட்டைத் தாண்டியும் சர்க்கரை கட்டுப்படாவிட்டால், இன்சுலினை எதிர்க்கும் வேறு ஏதோ உள்ளே இருக்கிறது என்று கால்நடை மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். குஷிங் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கும்.

குஷிங் மட்டும்தான் காரணமா?

இல்லை. அதனால்தான் எளிய காரணங்களை முதலில் பார்க்க வேண்டும். இன்சுலின் வெயிலில் கெட்டுப்போயிருக்கலாம். ஊசி தோலுக்கு அடியில் இறங்காமல் முடிக்குள்ளேயே போயிருக்கலாம். சிறுநீர்த் தொற்று இருக்கலாம். இந்த இரண்டு நோய்களிலும் அது வெளியே தெரியாமலே வரும். சொத்தைப் பல், ஈறு வீக்கம், கணைய அழற்சி ஆகியவையும் இன்சுலினை எதிர்க்கும்.

கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. பருவம் வந்து போன பிந்தைய வாரங்களில் புரோஜெஸ்டரோன் ஹார்மோன் கூடும். அதன் தூண்டலில் வளர்ச்சி ஹார்மோனும் ஏறும். இரண்டும் சேர்ந்து இன்சுலினை மடக்கிவிடும். இத்தகைய நாய்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சையும் சர்க்கரை சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

எப்போது குஷிங்கைச் சந்தேகிக்க வேண்டும்?

அதிகத் தாகம், அதிகச் சிறுநீர், அகோரப் பசி மூன்றும் இரண்டு நோய்க்கும் பொது. வித்தியாசம் மற்ற அறிகுறிகளில் தெரியும். சுகர் மட்டும் இருக்கும் நாய் நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கும். குஷிங் நாய்க்கு வயிறு பானைபோலத் தொங்கும், கால்கள் மெலியும், மாடிப்படி ஏறத் தயங்கும். உடம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டும், பெரும்பாலும் அரிப்பு இருக்காது. தோல் மெலிந்து வயிற்றில் ரத்தக் குழாய் தெரியும். ஃபேன் ஓடும் அறையில் படுத்திருக்கும்போதும் இரைக்கும். "வயசாயிருச்சு, அதான்" என்று விட்டுவிடுவது இவற்றைத்தான்.

வெயிலா, நோயா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் அளந்து கிண்ணத்தில் ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரம் வரை எத்தனை பாட்டில் தீர்ந்தது என்று எழுதுங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் தனியாகப் பிரித்து வையுங்கள். 24 மணி நேரத்தில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால், அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று நாள் கணக்கு எழுதிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. எந்தக் காரணம்கொண்டும் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள்.

பரிசோதனையில் ஏன் அவசரம் கூடாது?

சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பதே உடம்புக்குப் பெரிய அழுத்தம். அந்த அழுத்தத்தில் கார்ட்டிசால் தானாகவே ஏறும். அந்த நேரத்தில் குஷிங் பரிசோதனை செய்தால், நோய் இல்லாத நாய்க்கும் இருப்பதாகக் காட்டிவிடலாம். அதனால் தொற்றுகளைச் சரிசெய்து, சில வாரங்கள் இன்சுலின் கொடுத்து, ஓரளவு நிதானத்துக்குக் கொண்டுவந்த பிறகு பரிசோதிப்பதையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

குறைந்த அளவு டெக்ஸாமெத்தசோன் கொடுத்துப் பார்ப்பது முக்கியப் பரிசோதனைகளில் ஒன்று. ஊசிக்கு முன்பும், 4 மணி நேரம் கழித்தும், 8 மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுப்பார்கள். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ நாயை மதுரைக்குக் கொண்டுவருபவர்களுக்கு அது ஒரு முழு நாள் வேலை. அன்றைக்கு இன்சுலினும் சாப்பாடும் எப்படி என்று முந்தைய நாளே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏ.சி.டி.எச். தூண்டல் பரிசோதனை இன்னொரு வழி. அட்ரீனல் சுரப்பியின் அளவைப் பார்க்க வயிற்று ஸ்கேன் உதவும். நாய் ரத்தத்தில் கார்ட்டிசாலை அளந்து பழக்கப்பட்ட ஆய்வகமாக இருப்பது முக்கியம்.

கடையில் வாங்கிய ஸ்டீராய்டும் காரணமாகலாம்

கட்டியே இல்லாமலும் குஷிங் வரும். அரிப்புக்கும் சொறிக்கும் மருத்துவர் ஒரு வாரத்துக்கு எழுதிக்கொடுத்த பிரெட்னிசோலோன் மாத்திரையை, "அது கொடுத்தா உடனே அடங்குது" என்று மாதக்கணக்கில் மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கும் வீடுகள் உண்டு. உண்ணியும் பூஞ்சையும் விடாத நம் ஊர்த் தட்பவெப்பத்தில் இது எளிதில் நடக்கக்கூடியது. மனிதர்கள் பூசும் ஸ்டீராய்டு களிம்பை நாய்க்குத் தடவினாலும் அது தோல் வழியாகவும், நக்குவதால் வாய் வழியாகவும் உள்ளே போகும். இப்படிப்பட்ட பல களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு அந்த மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிடக் கூடாது. நீண்ட நாள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் நாயின் சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் கார்ட்டிசாலே இல்லாமல் நாய் சரிந்துவிடலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கொடுத்த எல்லா மாத்திரை, களிம்பு, காது மருந்து, கண் மருந்துகளையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்கள்

தானாக வந்த குஷிங்குக்கு இன்று அதிகம் பயன்படும் மருந்து டிரைலோஸ்டேன். கார்ட்டிசால் தயாராகும் பாதையில் ஒரு நொதியை அது தடுக்கிறது. அமெரிக்காவில் நாய்களுக்கு இதை 2008-ல் அனுமதித்தார்கள். சாப்பாட்டோடு கொடுத்தால்தான் நன்றாக உடம்பில் சேரும். எல்லா மெடிக்கலிலும் கிடைக்கும் மருந்தல்ல. தீர்ந்த பிறகு தேடாமல் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கேப்சூலைப் பிரித்துப் பாதியாக்கக் கூடாது. கர்ப்பிணிகள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இரண்டு நோய்களும் உள்ள நாய்க்குக் கவனம் அதிகம் தேவைப்படும் காலம் இந்த மருந்து தொடங்கும்போது ஆரம்பிக்கிறது. நேற்று வரை கார்ட்டிசால் எதிர்த்ததால்தான் பன்னிரண்டு யூனிட் தேவைப்பட்டது. மருந்து வேலை செய்யத் தொடங்கி எதிர்ப்பு விலகியதும் அதே பன்னிரண்டு யூனிட் அதிகமாகிவிடும். சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி நாய் தள்ளாடும், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். குஷிங் மருந்து பலிக்கிறது என்பதற்கான அடையாளமே இன்சுலின் தேவை குறைவதுதான். சில மருத்துவர்கள் தொடக்கத்திலேயே இன்சுலினைக் குறைப்பார்கள். சிலர் அடிக்கடி அளந்து பார்த்துக் குறைப்பார்கள். எதுவானாலும் அந்த முடிவு அவருடையது. அந்த வாரங்களில் அவரைத் தொடர்புகொள்ள முடியுமா, அவர் வெளியூர் போனால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் மருந்தைத் தொடங்காதீர்கள்.

டிரைலோஸ்டேன் தொடங்கிய 10 முதல் 14 நாட்களிலும், பிறகு ஒரு மாதத்திலும், மூன்று மாதத்திலும் மறுபரிசோதனை உண்டு. நாய் வாந்தி எடுத்தால், வயிற்றுப்போக்கு வந்தால், சாப்பிட மறுத்தால், சோர்ந்து படுத்துவிட்டால் கார்ட்டிசால் தேவைக்கும் கீழே போயிருக்கலாம். அடுத்த வேளை குஷிங் மருந்தைக் கொடுக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

நம் ஊர் மெடிக்கலில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கும். பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று இருப்பது ஒன்று. 100 யூனிட் என்று இருப்பது இன்னொன்று. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி என்பது இங்குள்ள வழக்கம். மூடி நிறத்தை மட்டும் நம்பாமல், சிரிஞ்சில் அச்சிட்டிருப்பதையும் பாட்டில் லேபிளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாறினால் என்ன ஆகும்? 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 10 அல்ல, 25 யூனிட். அதாவது இரண்டரை மடங்கு. 40 யூனிட் மருந்தை 100-க்கான சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் போவது வெறும் 4 யூனிட். முதல் தவறு உயிரை எடுக்கும். இரண்டாவது தவறு, மருந்து பலிக்கவில்லை என்று அளவை வீணாக ஏற்ற வைக்கும்.

இன்சுலினில் வகைகளும் உண்டு. சீட்டில் எழுதியிருக்கும் பெயர் முழுவதும் பாட்டிலில் இருக்கிறதா என்று பாருங்கள். கலங்கலாக இருக்கும் என்.பி.ஹெச். வகையைக் குலுக்காமல் உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீசரை ஒட்டாத இடத்தில் வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான். கரண்ட் நீண்ட நேரம் போனால், தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு மண்பானைக்குள் வைப்பது தற்காலிக வழி. கோடையில் பைக் பெட்டியிலோ காருக்குள்ளோ வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

சாப்பாடு: என்ன என்பதைவிட எவ்வளவு, எப்போது

12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை, ஒரே வகை, ஒரே அளவு. நாய் சாப்பிட்ட உடன் ஊசி. சாப்பிடாத நாய்க்கு முழு அளவு ஊசி போடக் கூடாது. பாதியா, அறவே வேண்டாமா என்பதை முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் வீடே வைகைக் கரைக்குப் போனாலும், நாயின் காலைச் சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

இடையில் பிஸ்கட், பால், பொரை, சர்க்கரைப் பொங்கல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக் கொழுப்பும் வேண்டாம். அது கணைய அழற்சியைக் கிளப்பும். வெங்காயம் கலந்த பிரியாணிச் சோறு, சாம்பார் சாதம் எந்த நாய்க்குமே கெடுதல். "சுகர் ஃப்ரீ" என்று எழுதிய மிட்டாயோ சூயிங்கமோ கொடுத்தால் பரவாயில்லை என்று நினைப்பது பெரிய தவறு. அவற்றில் சிலவற்றில் உள்ள சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று வீழ்த்தும், கல்லீரலையும் கெடுக்கும்.

ஒரு நோட்டு போடுங்கள்

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். தேதி, சாப்பிட்ட அளவு, ஊசி போட்ட நேரம், யூனிட், போட்டவர் பெயர், குடித்த தண்ணீர், வாரம் ஒருமுறை எடை. பெயர் எதற்கு என்றால், அம்மா போட்டது தெரியாமல் மகன் இன்னொரு ஊசி போடுவது நடக்கக்கூடிய விபத்து. ஊசி சரியாக இறங்கியதா என்று சந்தேகம் வந்தாலும் மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டு முறை போட்டால் ஆபத்து.

மருத்துவர் கேட்டால், காது மடலில் ஒரு துளி ரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பகல் முழுக்கச் சர்க்கரையை அளந்து எழுதலாம். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் நாய் ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் எந்தக் கருவி என்பதையும் எழுதுங்கள். 14 நாள் ஒட்டி வைக்கும் சென்சாரையும் சில மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்த எண்களைப் பார்த்து நீங்களாக யூனிட்டை ஏற்ற வேண்டாம்.

எது அவசரம்?

தள்ளாட்டம், நடுக்கம், திடீர்ப் பலவீனம், வலிப்பு வந்தால் சர்க்கரை 60-க்குக் கீழே போயிருக்கலாம். விழுங்க முடிந்தால் உடனே சாப்பாடு கொடுங்கள். முடியாவிட்டால் தேனையோ, பெட்டிக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்தோ ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், பல்லுக்கு நடுவே விரலை விடாதீர்கள். தெளிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், திரும்ப இறங்கும். மறுபக்கம், சர்க்கரை ஏறிய நாய் சாப்பிடாமல், வாந்தி எடுத்து, வாயில் நகப்பூச்சு நீக்கி போன்ற வாடை அடித்தால் அது கீட்டோ அமிலத்தன்மை. அதுவும் காத்திருக்கக் கூடாத நிலை.

மதுரையில் தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் உள்ளன. சிக்கலான பரிசோதனைகளுக்கு மேல்சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொன்னால், தேனி வீரபாண்டி, திருநெல்வேலி ராமையன்பட்டி, சென்னை வேப்பேரி ஆகிய இடங்களில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளைக் கேட்கலாம். போகும்போது நோட்டையும், மருந்துப் பாட்டிலையும், பயன்படுத்தும் சிரிஞ்சையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம்?

சர்க்கரை நோய் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் கண்ணில் புரை விழும். நன்றாகக் கவனித்தாலும் வரலாம். அது உங்கள் தவறல்ல. சில நாய்களுக்கு அறுவை சிகிச்சை முடியும். பார்வை போன நாய்கூட, சாமான்களை இடம் மாற்றாத வீட்டில் மூக்கையும் காதையும் வைத்து நிம்மதியாக நடமாடும். இரண்டு நோயும் முற்றாகக் குணமாவது அரிது. ஆனால், கட்டுக்குள் வைத்தால் ஆண்டுக்கணக்கில் நல்லபடியாக வாழும் நாய்கள் உண்டு.

செலவும் உழைப்பும் உண்மையிலேயே அதிகம். எல்லா வீட்டாலும் எல்லாப் பரிசோதனையும் செய்ய முடியாது. அப்படியென்றால் அதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். சர்க்கரையை எண்ணில் பிடிப்பதைவிட, நாய் தாகமின்றி, எடை குறையாமல், தாழ்சர்க்கரையில் விழாமல் இருப்பதைக் குறிக்கோளாக வைத்து அவர் வழி சொல்வார். சொல்லாமல் பாதியில் ஊசியை நிறுத்துவதும், கேட்காமல் யூனிட்டை ஏற்றுவதும்தான் கூடாதவை. தண்ணீர்க் கிண்ணம் மெதுவாகக் காலியாகத் தொடங்கி, ராத்திரி வீட்டுத் தரை காய்ந்து கிடந்தால், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அன்றைக்குத்தான் இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் மறக்காமல் கேட்க வேண்டும்.